வக்கீலை நம்பிக் கொடுத்த நோட்டு



சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது, அந்தியூர் பக்கம் மளிகைக் கடை நடத்தும் ஒரு தம்பி என்னைத் தனியே அழைத்தார். "ஏனுங்கண்ணா, வக்கீல் மேல கம்ப்ளைண்ட் குடுக்கோணும்னா எங்கீங்க குடுக்கறது? போலீசுக்குங்களா, கோர்ட்டுக்கேங்களா?" என்று கேட்டார். இரண்டுமில்லை, சென்னையில் பார் கவுன்சில் என்று ஒன்று இருக்கிறது, அங்கே கொடுக்கவேண்டும் என்றேன். "அது அவங்க சங்கமாச்சுங்களே, அவங்க ஆளை அவங்களே தண்டிப்பாங்களா?" என்றார். அந்தக் கேள்வியே இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது.

எனக்கு இந்த விஷயம் தெரிந்திருப்பதற்குக் காரணம் படிப்பல்ல, பட்டதுதான். நான் பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நாட்டுச் சர்க்கரையும் பருப்பும் மொத்த வியாபாரம். வெளியூர் கடைக்காரர் ஒருவர் பேரேட்டில் பாக்கி 2,40,000 ரூபாய் நின்றது. 2008 ஜனவரியில் புரோநோட்டு எழுதிக் கொடுத்தார். இரண்டு வருடம் நடையாய் நடந்தும் காசு வராததால் 2010 நடுவில் ஒரு வக்கீலிடம் நோட்டைக் கொடுத்தேன். அவர் பெயரும் ஊரும் இங்கே வேண்டாம். கோர்ட் பீஸ் அப்போது நூற்றுக்கு ஏழரை. (2017இல்தான் நம் மாநிலத்தில் மூன்றாகக் குறைத்தார்கள்.) வட்டியோடு சேர்த்து வழக்குப் போட கோர்ட் பீஸ், செலவு எல்லாம் சேர்த்து 25,000 ரூபாய் ரொக்கமாகக் கொடுத்தேன். ரசீது கேட்கவில்லை. வக்காலத்தில் எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாரோ அங்கே போட்டேன்.

அதன்பின் மூன்று வருடம் குமாஸ்தா வாயில் வாய்தாதான். "நோட்டீஸ் போயிருக்குதுங்க", "எதிர்பார்ட்டி டைம் கேட்டிருக்கான்", "ஜட்ஜ் மாறிட்டாருங்க", "கோர்ட் லீவுங்க". ஒவ்வொரு தடவையும் கையில் ஐந்நூறோ ஆயிரமோ கொடுப்பேன். 2013இல் கோர்ட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் சம்பந்தி ஒருவர், கேஸ் நம்பர் என்ன என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அவர் போய் விசாரித்துவிட்டு வந்து சொன்னது: நம்பரே இல்லை, பிராதே தாக்கலாகவில்லை. நோட்டின் மூன்று வருடக் கெடு 2011 ஜனவரியிலேயே முடிந்து போயிருந்தது.

வக்கீலிடம் போய்க் கேட்டேன். சத்தம் போடவில்லை, கேட்கத்தான் செய்தேன். "கொஞ்சம் லேட் ஆயிடுச்சுங்க, ஜூனியர் கவனிக்காம விட்டுட்டான். பார்ட்டியைக் கூப்பிட்டுப் பேசிக்கலாம் விடுங்க" என்று நோட்டையும் 10,000 ரூபாயையும் திருப்பிக் கொடுத்தார். அதற்குள் பார்ட்டிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அன்றோடு போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்.

நான் புகார் கொடுக்கவில்லை. நாளைக்கு இன்னொரு கேஸ் என்றால் எந்த வக்கீல் நமக்கு ஆஜராவார் என்ற பயம். இத்தனை வருடம் வியாபாரம் செய்தவன் ரசீதில்லாமல் பணம் கொடுத்தான் என்று நாலு பேர் சிரிப்பார்களே என்ற வெட்கம். வீட்டில், "கோர்ட்டுக்குப் போய்த் தொலைச்சது பத்தாதுங்களா, வுடுங்க" என்றார்கள். விட்டுவிட்டேன்.

நான்கு வருடம் கழித்து எண்ணெய் மண்டிக்காரர் ஒருவரின் மனைவி கடைக்கு வந்தார். கணவர் தவறிப் போய், வரவேண்டிய பாக்கிகளை வசூலிக்க வழியில்லாமல், நோட்டுகளை அதே வக்கீலிடம் கொடுத்து, அதே கதி. எனக்கு நடந்ததை யாரோ சொல்லிக் கேட்டு வந்திருக்கிறார். "அப்பவே நாலு பேருக்குத் தெரியற மாதிரி சொல்லியிருந்தீங்கன்னா நான் அவர்கிட்டயே போயிருக்க மாட்டேனுங்களே" என்றார். அந்த அம்மாவுக்கு அன்றைக்குச் சொல்ல என்னிடம் பதிலில்லை. இன்றைக்கும் இல்லை.

அதற்குப் பிறகுதான் தெரிந்த வக்கீல்களைக் கேட்டும், தீர்ப்புகளை வாங்கி என் மருமகனை விட்டுப் படிக்கச் சொல்லியும் இதை விசாரிக்க ஆரம்பித்தேன். நமக்கு நடந்தது புதிதல்ல என்று தெரிந்தது. நம் தமிழ்நாட்டிலேயே நடந்து சுப்ரீம் கோர்ட் வரை போன ரங்கதுரை வழக்கு என்று ஒன்று உண்டு. 1969 ஆகஸ்ட்டில் எழுதிய இரண்டு புரோநோட்டு, ஒன்று 15,000, மற்றொன்று 5,000. கொடுத்தவர்கள் காது கேட்காத எழுபது வயதுப் பெரியவரும் அவர் மனைவியும். வழக்குப் போடச் சொல்லி வக்கீலிடம் நோட்டையும் பணத்தையும் கொடுத்தார்கள். ஒரு நோட்டுக்குப் போட்ட பிராதில் கோர்ட் பீஸ் போதவில்லை என்று கோர்ட் திருப்பியது, மறுபடி தாக்கல் செய்யவே இல்லை. இன்னொன்றுக்கு வழக்கே இல்லை. ஆனால் வழக்கு நடக்கிறது என்று வாய்தா சொன்னார், கடைசியில் டிகிரியே ஆகிவிட்டது என்றும் சொன்னார். படிக்கச் சொல்லிக் கேட்டபோது என் கதையை யாரோ முன்கூட்டியே எழுதிவைத்தது போலிருந்தது.

1969இல் 20,000 ரூபாய் என்பது எவ்வளவு என்று இளைஞர்களுக்குத் தெரியாது. அன்றைக்கு அந்தப் பணத்தில் நூறு பவுனுக்கு மேல் வாங்கலாம்.

அந்த வழக்கில் தமிழ்நாடு பார் கவுன்சிலின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு, அந்த வக்கீல் ஆறு ஆண்டுகள் தொழில் செய்யக்கூடாது என்றது. சக வக்கீல்கள்தானே விட்டுவிடுவார்கள் என்று நினைக்கிறோமே, இங்கே விடவில்லை. டெல்லியில் இருக்கும் இந்திய பார் கவுன்சில் அதை ஓர் ஆண்டாகக் குறைத்தது. 1978 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டில் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் தலைமையில் பெரும்பான்மையோர், தண்டனை என்பது ஆளைத் திருத்தவும் வேண்டும் என்று சொல்லி, 1979 ஆகஸ்ட் வரை தடையும், பிறகு ஏழைகளுக்கு இலவச சட்ட உதவி வேலையும் செய்யச் சொன்னார்கள். பாதிக்கப்பட்டவர்களுக்கு 2,500 ரூபாய் கொடுக்கவும் உத்தரவிட்டார்கள். நீதிபதி ஏ.பி.சென் மட்டும் மாறுபட்டு, ஓர் ஆண்டே இரக்கம் காட்டியதுதான், இதில் இன்னும் குறைக்கக் கூடாது என்றார். கிருஷ்ணய்யர் ஏழைகளுக்காக எழுதிய பெரிய நீதிபதி, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் கல்லாவில் உட்கார்ந்திருப்பவன் கணக்கில் நான் நீதிபதி சென் பக்கம்தான். நோட்டு இருபதாயிரத்துக்கு, கைக்கு வரச் சொன்னது இரண்டாயிரத்து ஐந்நூறு. எந்தப் பேரேட்டில் இதை நேர் செய்வது?

அதிலும் அந்த 2,500 கூட சட்டத்தில் நேராக இல்லாத ஒன்று. 1961ஆம் வருட வக்கீல்கள் சட்டத்தின் 35ஆவது பிரிவில் பார் கவுன்சில் செய்யக்கூடியவை இவ்வளவுதான்: புகாரைத் தள்ளலாம், கண்டிக்கலாம், குறிப்பிட்ட காலம் தொழில் செய்ய விடாமல் நிறுத்தலாம், பட்டியலிலிருந்து பெயரை நீக்கலாம். கட்சிக்காரனுக்கு நஷ்டம் இவ்வளவு, அதைக் கொடு என்று சொல்ல அதில் இடமில்லை. நஷ்டத்தைக் கேட்க வேண்டுமானால் சிவில் கோர்ட்டில் தனியாக வழக்குப் போடவேண்டும். கவனக்குறைவுக்காக வக்கீல் மீது வழக்குப் போட 1926ஆம் வருடச் சட்டமே வழி விட்டிருக்கிறது, 1988இல் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்திருக்கிறது. ஆனால் ஒரு வக்கீலால் நொந்தவன், அந்த வக்கீல் மேல் வழக்குப் போட இன்னொரு வக்கீலைத் தேடவேண்டும். அதற்கும் கோர்ட் பீஸ், அதற்கும் வாய்தா.

நுகர்வோர் கோர்ட் இருக்கிறதே என்பீர்கள். இருந்தது. டெல்லியில் ஒருவர், 20,000 ரூபாய் செக் திரும்பியதற்காக ஒரு வக்கீலை வைத்து வழக்குப் போட்டார். எதிராளி சமாதானத்துக்கு வந்து 20,000க்கு டிராப்டும், செலவுக்கு 5,000க்கு செக்கும் கொடுத்தார். வாங்கிய வக்கீல் அதைக் கட்சிக்காரரிடம் கொடுக்காமல், என் பீஸ் 5,000 ரொக்கமாகக் கொடு என்று பிடித்து வைத்துக்கொண்டார் என்பது புகார். நுகர்வோர் மன்றம் கட்சிக்காரர் பக்கம், மாநில ஆணையம் வக்கீல் பக்கம், 2007இல் தேசிய ஆணையம் மறுபடி கட்சிக்காரர் பக்கம். கடைசியாக 2024 மே 14ஆம் தேதி சுப்ரீம் கோர்ட், வக்கீல் தொழில் தனி வகை, நுகர்வோர் சட்டம் அதற்குப் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. சமாதானமாக முடிந்த இருபதாயிரம் ரூபாய் செக் பதினைந்து வருடத்துக்கும் மேல் டெல்லியைச் சுற்றியிருக்கிறது.

தீர்ப்பை நான் குறை சொல்ல வரவில்லை. வக்கீல் என்பவர் கட்சிக்காரர் சொன்னபடியெல்லாம் ஆடமுடியாது, கோர்ட்டுக்கும் அவர் கடமைப்பட்டவர், வியாபாரம் வேறு தொழில் வேறு என்கிறார்கள். இருக்கட்டும். ஆனால் நாம் விற்கும் ஒரு கிலோ துவரம் பருப்பு தரம் குறைவு என்றால் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஐந்து லட்சம் வரை அபராதம். தராசுக்கு வருடாவருடம் முத்திரை. பாக்கெட்டில் தேதி இல்லையென்றால் நுகர்வோர் கோர்ட். டாக்டர்களையும் 1995இலேயே அந்தச் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். அந்த வாசல் வக்கீலுக்கு மட்டும் கிடையாது என்றால், அவர்களுக்கென்று இருக்கும் ஒரே வாசலாவது சரியாகத் திறக்கவேண்டுமல்லவா?

அந்த வாசல் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சென்னை ஐகோர்ட் வளாகத்தில் இருக்கும் தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலுக்கு எழுத்து மூலம் புகார் கொடுக்கவேண்டும். விஷயம் இருக்கிறது என்று கவுன்சில் கருதினால் மூன்று பேர் கொண்ட ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்கு அனுப்பும். மூவரும் வக்கீல்களே. சாட்சிகளை வரவழைக்க அந்தக் குழுவுக்கு சிவில் கோர்ட்டுக்கு உள்ள அதிகாரம் உண்டு. ஓர் ஆண்டுக்குள் முடிக்கவேண்டும், முடியாவிட்டால் வழக்கு டெல்லிக்கு மாறிவிடும் என்று சட்டத்தின் 36பி பிரிவு சொல்கிறது. இந்தக் கெடுவைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கவேண்டும் என்று 2021 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் மறுபடி சொல்லவேண்டியிருந்தது. சட்டத்திலேயே இருப்பதை ஏன் மறுபடி சொன்னார்கள் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். தீர்ப்பு பிடிக்காவிட்டால் 60 நாளில் டெல்லிக்கு அப்பீல், அங்கிருந்து இன்னொரு 60 நாளில் சுப்ரீம் கோர்ட்.

ஒன்றை மறக்கக் கூடாது. கேஸ் தோற்றதெல்லாம் வக்கீல் குற்றமாகாது. மறதியும் தவறான யோசனையும் கூட ஒழுங்கு நடவடிக்கைக்குப் போதாது, அதில் நேர்மைக்கேடு இருக்கவேண்டும் என்பது கோர்ட்டுகள் வெகுகாலமாகச் சொல்லி வருவது. போடாத வழக்கைப் போட்டதாகச் சொல்வது, வசூலான பணத்தைக் கொடுக்காமல் வைத்துக்கொள்வது, எதிராளியோடு சேர்ந்துகொள்வது, இவைதான் அந்தக் கணக்கில் வரும். கட்டுகளைத் திருப்பிக் கொடுக்க மறுப்பதும் வரும். மத்தியப் பிரதேச மாநிலக் கூட்டுறவு வங்கியின் சட்ட ஆலோசகராக இருந்த ஒரு வக்கீல், 97,100 ரூபாய் பீஸ் பாக்கி என்று வங்கியின் கட்டுகளைப் பிடித்துவைத்துக்கொண்டார். பீஸ் பாக்கி இருந்தாலும் கட்சிக்காரர் காகிதத்தை அடமானம் போல வைத்துக்கொள்ள உரிமையில்லை என்று 2000இல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. நம்மில் பலர் பழைய வக்கீலிடமிருந்து கட்டு வாங்க முடியாமலேயே வழக்கைக் கைவிட்டிருக்கிறோம்.

வக்கீல் வராததால் கேஸ் தள்ளுபடியானால் கட்சிக்காரனுக்கு என்ன கதி என்பதில் கோர்ட்டே இரண்டு விதமாகப் பேசியிருக்கிறது. 1981இல் ரபீக் என்பவரின் வழக்கில், கிராமத்தான் வக்கீலை வைத்துவிட்டு நம்பித்தான் இருப்பான், வக்கீல் தப்புக்கு அவன் ஏன் அழவேண்டும் என்று அப்பீலை மறுபடி எடுக்கச் சொல்லி, செலவுத் தொகை 200 ரூபாயை வராத வக்கீலிடமே வசூலிக்கச் சொன்னார்கள். 1993இல் ஒரு கம்பெனி அதையே சொன்னபோது, நீங்கள் படித்தவர்கள், எல்லாவற்றையும் வக்கீல் தலையில் போடமுடியாது என்று மறுத்தார்கள். பில் புக்கும் ஜி.எஸ்.டி. நம்பரும் வைத்திருக்கும் நம்மை கோர்ட் எந்தப் பக்கம் சேர்க்கும்? கிராமத்தான் பக்கம் அல்ல என்றுதான் நினைக்கிறேன். வக்கீல்கள் கோர்ட்டைப் புறக்கணிக்கும் நாட்களில் நம் கேஸ் எக்ஸ்பார்ட்டி ஆகிவிட்டால், அந்த நஷ்டத்துக்கு வக்கீலும் பொறுப்பு என்று 2000இலும், வேலைநிறுத்தம் செய்ய வக்கீல்களுக்கு உரிமையில்லை என்று 2002 டிசம்பரிலும் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. நடைமுறை உங்களுக்கே தெரியும்.

என்ன மாறவேண்டும் என்று கேட்டால், தம்பி கேட்ட கேள்வியிலேயே பதில் இருக்கிறது. நம் ஆடிட்டர்களைப் பாருங்கள். அவர்கள் தப்பை விசாரிக்கும் குழுவில் 2006இல் சட்டத்தைத் திருத்தி மத்திய அரசு நியமிக்கும் வெளி ஆட்களைச் சேர்த்தார்கள். ஆடிட்டர் தொழில் ஒன்றும் கெட்டுப் போய்விடவில்லை. வக்கீல் குழுவிலும் வெளியாள் ஒருவராவது, ஓய்வு பெற்ற ஜட்ஜோ பொதுமனிதரோ, உட்காரட்டும். வாங்கிய பீஸையும் நஷ்டத்தையும் திருப்பித் தரச் சொல்லும் அதிகாரத்தை அந்தக் குழுவுக்கே கொடுக்கட்டும். இங்கிலாந்தில் 2010 முதல் வக்கீல்கள் மேல் புகார் கேட்கத் தனி அதிகாரி இருக்கிறார். 50,000 பவுண்டு வரை நஷ்டஈடு கொடுக்கச் சொல்லலாம். அங்கே சொலிசிட்டர்கள் கட்டாயம் இன்சூரன்ஸ் எடுத்திருக்கவேண்டும். அங்கிருந்து சட்டத்தை எடுத்துக்கொண்டோம், இதை எடுத்துக்கொள்ளவில்லை. இங்கே 2025 பிப்ரவரியில் வக்கீல்கள் சட்டத்தைத் திருத்த மத்திய அரசு ஒரு வரைவை வெளியிட்டது. வக்கீல்கள் கடுமையாக எதிர்த்தார்கள், சில நாட்களிலேயே மறுபரிசீலனை என்று அதை எடுத்து வைத்துவிட்டார்கள். வக்கீல்கள் தரப்பைச் சொல்ல வக்கீல்கள் சங்கம் இருக்கிறது. கட்சிக்காரன் தரப்பைச் சொல்ல யார் போனார்கள்? நம் வணிகர் சங்கங்களாவது மனு அனுப்பியிருக்கலாம்.

இதையெல்லாம் சொல்லும்போது நம் முதுகையும் பார்க்கவேண்டும். வசூலாவதில் கால் பங்கு உங்களுக்கு என்று வக்கீலுக்கு ஆசை காட்டுவது நாம்தான். அப்படிப் பங்கு பேசுவது அவர்கள் விதிப்படி குற்றம், நேர்மையான வக்கீல் ஒத்துக்கொள்ளமாட்டார், ஒத்துக்கொள்பவர் மட்டுமே நமக்கு மிஞ்சுவார். தேதி போடாத நோட்டு வாங்கி வைத்துக்கொண்டு பிறகு நிரப்பச் சொல்வதும் நாம்தான். கலப்படம் செய்த வியாபாரியை நம் சங்கத்திலிருந்து எத்தனை தடவை நீக்கியிருக்கிறோம்? அதனால் அவர்களை மட்டும் பேச எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவே இருக்கிறது. நல்லவர்களும் நிறைய உண்டு. இங்கே கோபியில் ஒரு மூத்த வக்கீல் என் கட்டைப் படித்துவிட்டு, "இதுல கேஸ் இல்லீங்க, பணத்தைச் செலவு பண்ணாதீங்க, உட்கார்ந்து பேசுங்க" என்று பீஸே வாங்காமல் திருப்பி அனுப்பினார். அதற்குப் பிறகு என் கேஸ் எல்லாம் அவரிடம்தான்.

இன்றைக்கு ஒரு சௌகரியம் வந்திருக்கிறது. கேஸ் நம்பரானதும் அதற்கு 16 இலக்க சி.என்.ஆர். எண் விழும். இ-கோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டால் அடுத்த வாய்தா எப்போது, கடைசியில் என்ன நடந்தது எல்லாம் கைபேசியிலேயே தெரியும். எனக்கு 2010இல் இது இருந்திருந்தால் மூன்று வருடம் ஏமாந்திருக்கமாட்டேன். வழக்குப் போட்டாயிற்று என்று யாராவது சொன்னால் அந்த எண்ணைக் கேளுங்கள். பீஸை பேங்க் மூலம் கொடுங்கள். நோட்டுக்கு மூன்று வருடம் என்பதை கல்லா மேலேயே எழுதி வையுங்கள். இடையில் வரவு வந்தால் நோட்டின் பின்னால் பார்ட்டியின் கையெழுத்தோடு எழுதி வாங்கினால் அன்றிலிருந்து புதுக் கெடு. செக் திரும்பினால் பேங்க் தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், அது போய்ச் சேர்ந்து 15 நாள் பார்த்து, அதற்குமேல் ஒரு மாதத்துக்குள் புகார். இந்தத் தேதிகளை வக்கீல் மட்டும் நினைவில் வைத்திருப்பார் என்று இருக்காதீர்கள்.

சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பொதுக்குழுவில் இது பற்றித் தீர்மானம் போட்டு மத்திய சட்ட அமைச்சகத்துக்கு அனுப்பவேண்டும். உறுப்பினர் யாராவது பார் கவுன்சிலுக்குப் புகார் கொடுக்க நேர்ந்தால், தனியாளாய் நிற்க விடாமல் சங்கத்திலிருந்து ஒருவர் சென்னைக்குக் கூடப் போகவேண்டும். அந்தியூர் தம்பி புகார் கொடுப்பதாக முடிவு செய்துவிட்டார். முதல் தடவை அவரோடு நான் போகிறேன், ஏற்காடு எக்ஸ்பிரஸில் டிக்கெட் போடச் சொல்லியிருக்கிறேன். புகார் எழுதும் விதத்தை என் வக்கீலிடமே கேட்டு ஒரு மாதிரி தயார் செய்து வைத்திருக்கிறேன். வேண்டுவோர் கடைக்கு வந்தால் நகல் எடுத்துத் தருகிறேன். வியாழக்கிழமை மட்டும் வரவேண்டாம், அன்று புளியம்பட்டி சந்தைக்குப் போய்விடுவேன்.